பயனர்மைய வடிவமைப்பு: நல்லெண்ணம் எங்கே முடிகிறது, முறை எங்கே தொடங்குகிறது?

மணிமொழி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பயனர் கையேடுகள் எழுதிவந்த என்னை அண்மையில் வடிவமைப்புக் குழுவுக்கு மாற்றியிருக்கிறார்கள். அதற்காகத் தொடக்கநிலை மாலை வகுப்பு ஒன்றில் சேர்ந்திருக்கிறேன். அங்கே தகவல் வடிவமைப்பையும் ஊடாட்ட வடிவமைப்பையும் தனித்தனிப் பாடங்களாக நடத்துகிறார்கள். செய்திகளை எப்படி அடுக்கினால் படிப்பவருக்கு விளங்கும் என்பது முதல் பாடம். ஒருவர் ஒரு கருவியையோ திரையையோ இயக்கும்போது அது எப்படி மறுமொழி தர வேண்டும் என்பது இரண்டாவது. வகுப்பில் கேட்கும்போது தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் என் மேசையில் இருக்கும் ஒரு விண்ணப்பப் படிவத் திரையை எடுத்துக்கொண்டு இதில் எது தகவல், எது ஊடாட்டம் என்று பிரிக்கப் போனால் கோட்டை எங்கே போடுவது என்று புரியவில்லை.

இரண்டாவது ஐயம் இன்னும் அடிப்படையானது. எங்கள் குழுவில் 'பயனருக்காகவே செய்கிறோம்' என்று சொல்லாதவர் ஒருவரும் இல்லை. வாடிக்கையாளர் நிறுவனத்தின் அலுவலர்களிடம் திரைகளைக் காட்டி ஒப்புதல் பெறுகிறோம். கருத்துக்கணிப்புப் படிவமும் அனுப்புகிறோம். இவ்வளவும் செய்த பிறகு, பயனர்மைய வடிவமைப்பு என்று தனியாக ஒரு முறை இருப்பதாகச் சொல்வதற்கு என்ன பொருள்? இலக்கணங்களைப் பாடநூலில் நானே படித்துக்கொள்வேன். உண்மையில் நடந்த ஏதேனும் ஒன்றைக் கொண்டு விளக்கினால் பேருதவியாக இருக்கும்.

வரைபலகை

வணக்கம், மணிமொழி அவர்களே. நீங்கள் கேட்ட இரண்டையும் ஒரே நிகழ்வைக் கொண்டு விளக்க முடியும். அமெரிக்காவில் 2000 நவம்பர் 7 அன்று நடந்த அதிபர் தேர்தலில், புளோரிடா மாநிலத்தின் பாம் பீச் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) பயன்படுத்திய வாக்குச்சீட்டுதான் அது. 'வண்ணத்துப்பூச்சி வாக்குச்சீட்டு' என்ற பெயரில் உங்கள் வகுப்பிலும் என்றாவது வரும்.

அங்கே அப்போது துளையட்டை முறை இருந்தது. வாக்காளர் ஓர் அட்டையைக் கருவிக்குள் செருகிவிட்டு, அதன்மேல் புத்தகம்போல் விரிந்திருக்கும் பக்கங்களில் தம் வேட்பாளரின் பெயரைத் தேடி, அந்தப் பெயருக்குரிய துளையில் ஒரு கூர்முனைக் கோலை அழுத்த வேண்டும். அதிபர் பதவிக்குப் பத்து வேட்பாளர்கள் இருந்தனர். பத்துப் பெயர்களையும் ஒரே பக்கத்தில் அச்சிட்டால் எழுத்து சிறிதாகிவிடும், அந்தக் கவுண்டியில் மிகுதியாக வாழும் முதியவர்களால் படிக்க இயலாது என்று கருதிய தேர்தல் அலுவலர், எழுத்தைப் பெரிதாக்கி, பெயர்களை இடப்பக்கத்திலும் வலப்பக்கத்திலுமாகப் பிரித்து, துளைகளை நடுவில் ஒரே நெடுவரிசையாக அமைத்தார். இடப்பக்கத்தில் முதலில் குடியரசுக் கட்சியின் புஷ், அவருக்குக் கீழே ஜனநாயகக் கட்சியின் கோர். வலப்பக்கத்தில் முதலில் சிறிய கட்சி ஒன்றின் வேட்பாளரான புக்கானன். நடுவரிசையில் முதல் துளை புஷ்ஷுக்கு உரியது. இரண்டாவது துளை வலப்பக்கத்துப் புக்கானனுக்கு உரியது. மூன்றாவதுதான் கோருக்கு.

இடப்பக்கத்தை மேலிருந்து கீழாகப் படித்து, இரண்டாவதாக உள்ள பெயருக்கு இரண்டாவது துளையை அழுத்தியவரின் வாக்கு புக்கானனுக்குப் போயிற்று. பெயரிலிருந்து துளைக்கு அம்புக்குறி அச்சிடப்பட்டிருந்தது உண்மைதான். ஆனால் பட்டியலைப் பட்டியலாகப் படிக்கும் வாழ்நாள் பழக்கத்தை ஒரு சிறிய அம்புக்குறியால் மாற்றிவிட முடியாது. புக்கானனுக்கு அங்கே சுமார் 3,400 வாக்குகள் விழுந்தன. அவற்றில் பல தமக்குரியவை அல்ல என்று அவரே பின்னர் ஒப்புக்கொண்டார். 19,000க்கும் மேற்பட்ட அட்டைகளில் ஒன்றுக்கு மேற்பட்ட துளைகள் இருந்ததால் அவை செல்லாதவை ஆயின. மாநிலம் முழுவதிலும் புஷ் வென்ற வாக்கு வேறுபாடு 537 மட்டுமே.

உங்கள் முதல் கேள்வியை இங்கே பொருத்திப் பாருங்கள். பெயர்களின் வரிசை, எழுத்தின் அளவு, பக்கங்களின் பிரிவு ஆகியவை தகவல் வடிவமைப்பைச் சேர்ந்தவை. துளைகள் இருக்கும் இடம், கோலை அழுத்தும் செயல், அழுத்தியபின் கருவி என்ன சொல்கிறது என்பன ஊடாட்ட வடிவமைப்பைச் சேர்ந்தவை. தனித்தனியே பார்த்தால் இரண்டிலும் பெரிய குறை சொல்ல முடியாது. பெயர்கள் படிக்கும்படி இருந்தன, துளைகள் அழுத்தும்படி இருந்தன. கெட்டது, எந்தப் பெயருக்கு எந்தத் துளை என்ற பொருத்தம். ஆகவே கோடு எங்கே விழுகிறது என்று தேடுவதைவிட, கண் படிப்பதும் கை செய்வதும் எந்த இடத்தில் சந்திக்கின்றன என்று தேடுவது பயனுள்ளது. உங்கள் விண்ணப்பப் படிவத்தில் ஒவ்வொரு பெட்டியும் அதன் தலைப்பும் அப்படிப்பட்ட ஓரிடம்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அந்த அலுவலர் பயனரை நினைக்காமல் செய்தார் என்று யாரும் சொல்ல முடியாது. முதியவரின் பார்வைக்குறையை நினைத்ததால்தான் அந்த அமைப்பே பிறந்தது. மாதிரிச் சீட்டு தேர்தலுக்கு முன்பே வெளியிடப்பட்டது, கட்சிகளும் மறுப்புச் சொல்லவில்லை. நீங்கள் விவரித்த ஒப்புதல் நடைமுறைக்கு இது ஏறத்தாழ இணையானது. நடக்காமல் போனது ஒன்றுதான்: அத்தகைய வாக்காளர் சிலரை அந்தக் கருவியின் முன் நிறுத்தி, 'இன்னாருக்கு வாக்களியுங்கள்' என்று சொல்லிவிட்டு, அவர்கள் எங்கே துளையிடுகிறார்கள் என்று பார்ப்பது. காகிதத்தைப் பார்த்துத் தலையசைப்பவர் செய்யும் வேலை வேறு, சாவடிக்குள் நின்று துளையிடுபவர் செய்யும் வேலை வேறு.

1985இல் ஜான் கௌல்டு, கிளேட்டன் லூயிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இதை மூன்று நெறிகளாக வகுத்தார்கள். தொடக்கத்திலேயே பயனர்களையும் அவர்கள் செய்யும் பணிகளையும் நேரில் அறிதல், உண்மையான பயனர்கள் முன்மாதிரியை இயக்கும்போது நடப்பதைக் கவனித்து அளத்தல், கண்ட குறைகளைத் திருத்தி மீண்டும் அளத்தல். அவர்கள் வடிவமைப்பாளர்களையே கேட்டுப் பார்த்தபோது, இந்த நெறிகளைச் சொல்லக் கேட்டால் 'இதெல்லாம் தெரிந்ததுதானே' என்று கூறுபவர்கள்கூடத் தாமாகச் சொல்ல வரும்போது இவற்றைக் குறிப்பிடத் தவறுகிறார்கள் என்று கண்டார்கள். இன்றும் பெரிதாக மாறிவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. பின்னாளில் பன்னாட்டுத் தர அமைப்பான ஐஎஸ்ஓவின் 9241-11 தரநிலையும், ஒரு பொருள் 'பயன்படுத்த எளியது' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல இடம்கொடுக்கவில்லை. குறிப்பிட்ட பயனர், குறிப்பிட்ட நோக்கத்தை, குறிப்பிட்ட சூழலில் எவ்வளவு சரியாக, எவ்வளவு குறைந்த உழைப்பில், எவ்வளவு மனநிறைவோடு அடைகிறார் என்றே அது கேட்கிறது. முதியவர், வாக்களித்தல், பின்னால் வரிசை நிற்கும் சாவடி என்று மூன்றையும் நிரப்பிப் பார்த்தால், எழுத்தின் அளவு அந்தக் கேள்வியில் ஒரு சிறு பகுதிதான் என்று விளங்கும்.

தடம்

வரைபலகை அவர்கள் சொன்னதோடு தகவல் வடிவமைப்புப் பக்கமிருந்து ஒன்றைச் சேர்க்கிறேன். லண்டன் சுரங்க ரயிலின் வரைபடத்தை 1931இல் ஹாரி பெக் என்ற வரைவாளர் புதிதாக வரைந்தார். முதலில் மறுக்கப்பட்ட அந்தப் படம் 1933 ஜனவரியில் மக்கள் கைக்கு வந்தது. தரைக்கு மேலுள்ள தெருக்களையும் உண்மையான தொலைவுகளையும் விட்டுவிட்டு, நேர்கோடுகளாலும் 45 பாகைச் சாய்வுகளாலும் நிலையங்களின் வரிசையையும் மாறவேண்டிய சந்திப்புகளையும் மட்டும் காட்டினார். வண்டிக்குள் இருப்பவர் தெரிந்துகொள்ள வேண்டியவை எந்தத் தடம், எங்கே மாறுவது, எங்கே இறங்குவது என்பவைதாம். தொலைவு தெரிந்தும் அவர் எதையும் செய்யப் போவதில்லை.

ஆனால் அதே படத்தைத் தெருவில் நிற்கும் சுற்றுலாப் பயணி கையில் வைத்துக்கொண்டால் நிலைமை மாறுகிறது. கோவென்ட் கார்டன், லெஸ்டர் சதுக்கம் ஆகிய இரு நிலையங்களுக்கும் இடையே 300 மீட்டர்கூட இல்லை, நடந்துவிடலாம். படத்தில் அது தெரியாது. எந்தத் தகவலை விடலாம் என்பதைப் பணிதான் முடிவு செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

கட்டுப்பாட்டறை

வரைபலகை ஐயாவின் விளக்கத்தில் பாதிதான் பேசப்பட்டிருக்கிறது என்பது என் கருத்து. பெயருக்கும் துளைக்கும் உள்ள பொருத்தம் சரியாகவே இருந்திருந்தாலும், அழுத்திய பிறகு 'நீங்கள் இவருக்கு வாக்களித்தீர்கள்' என்று அந்தக் கருவி சொல்லியிருக்காது. வடிவமைப்பு ஆய்வாளர் டொனால்டு நார்மன் முதலியோர் 1980களில் இந்த இரண்டையும் இரு இடைவெளிகளாகப் பிரித்துக் காட்டினர். நான் செய்ய நினைப்பதற்கும் கருவி செய்யவிடுவதற்கும் இடையே இருப்பது ஒன்று. கருவியின் உண்மையான நிலைக்கும் அதைப் பற்றி நான் புரிந்துகொள்வதற்கும் இடையே இருப்பது மற்றொன்று. தொழிற்சாலைக் கட்டுப்பாட்டறைகளோடு பழகிய எனக்கு, இரண்டாவதே பெரிய ஆபத்தாகத் தோன்றுகிறது.

1979 மார்ச் 28 அதிகாலையில் பென்சில்வேனியாவின் திரீ மைல் தீவு அணுமின் நிலையத்தில் நடந்ததைப் பாருங்கள். அழுத்தத்தைக் குறைப்பதற்காகத் திறந்த ஒரு வால்வு மீண்டும் மூடியிருக்க வேண்டும், மூடாமல் சிக்கிக்கொண்டது. பலகையில் அதற்கென ஒரு விளக்கு இருந்தது. ஆனால் அந்த விளக்கு வால்வு இருக்கும் நிலையைக் காட்டவில்லை. வால்வைத் திறந்துவைக்கும் மின்சாரம் போகிறதா, நின்றதா என்பதை மட்டுமே காட்டியது. மின்சாரம் நின்றதும் விளக்கு அணைந்தது. பணியாளர்கள் வால்வு மூடிவிட்டதாக எண்ணினார்கள். இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் குளிர்நீர் வெளியேறிக்கொண்டே இருந்தது. உலையின் உட்கருவில் ஒரு பகுதி உருகியது. விபத்துக்குக் காரணம் இது ஒன்று மட்டுமல்ல. ஆயினும் 'இட்ட கட்டளை' ஒன்றையே 'நடந்த செயல்' என்று படிக்கும்படி ஒரு பலகை அமைந்திருந்தால், எவ்வளவு பயிற்சி பெற்றவரும் ஏமாறுவார்.

மணிமொழி அவர்களே, உங்கள் விண்ணப்பத் திரையில் 'சமர்ப்பிக்கப்பட்டது' என்று பச்சை எழுத்தில் வருகிறதல்லவா? அது பயனரின் கைப்பேசியிலிருந்து கோரிக்கை கிளம்பியவுடன் வருகிறதா, வழங்கி (சர்வர்) அதைப் பெற்றுப் பதிந்து மறுமொழி அனுப்பிய பின்பு வருகிறதா என்று உங்கள் நிரலாளரிடம் கேட்டுப் பாருங்கள். முன்னது என்றால் அந்தத் திரையும் அதே விளக்கைத்தான் எரிக்கிறது.

வாக்குச்சீட்டைப் பற்றிய பேச்சு என்பதால் ஓர் ஒப்பீடு. நம் நாட்டு மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தில் வேட்பாளரின் பெயர், படம், சின்னம், விளக்கு, பொத்தான் அனைத்தும் ஒரே கிடைவரிசையில் இருக்கின்றன. அழுத்தினால் அந்த வரிசையிலேயே சிவப்பு விளக்கு எரிகிறது, ஒலி எழுகிறது, பக்கத்துக் கருவியின் கண்ணாடிக்குப் பின்னால் பெயரும் சின்னமும் அச்சிட்ட தாள் 7 நொடி தெரிகிறது. முதல் இடைவெளியைக் கிடைவரிசையும் இரண்டாவதை விளக்கும் தாளும் குறைக்கின்றன. வேட்பாளரின் படம் 2015 முதல்தான் சேர்க்கப்பட்டது. ஒரே பெயருள்ளவர்கள் ஒரே தொகுதியில் நின்று வாக்காளரைக் குழப்புவதைத் தடுக்கவே அது வந்தது. 2024 மக்களவைத் தேர்தலில் இராமநாதபுரத்தில் ஓ. பன்னீர்செல்வம் என்ற பெயரில் பலர் போட்டியிட்டதை நினைத்துப் பார்த்தால், பெயர் மட்டும் அச்சிட்ட பட்டியல் எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மணிமொழி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. விளக்குக்கும் வால்வுக்கும் உள்ள வேறுபாட்டைப் படித்தவுடனே நிரலாளரிடம் கேட்டேன். கோரிக்கை கிளம்பியவுடனே அந்தச் செய்தி வந்துவிடுகிறது என்றார். மாற்றச் சொல்லியிருக்கிறேன். பயனர்களை வைத்துச் சோதிக்கலாம் என்று கூட்டத்தில் சொன்னபோது மேலாளர் மறுக்கவில்லை. 'ஐந்து பேரை வைத்துப் பார்த்தால் போதும் என்று எல்லோரும் சொல்கிறார்களே, ஒரு நாளில் முடித்துவிடலாம்' என்றார். இந்த ஐந்து என்ற எண் எங்கிருந்து வந்தது? நம்பலாமா?

எண்கணக்கு

அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அதைச் சொல்பவர்கள் பலர் கணக்கை மறந்துவிட்டு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டார்கள். பயன்பாட்டெளிமை ஆய்வாளர்களான ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லேண்டவரும் 1993இல் பல சோதனைகளின் முடிவுகளை ஆராய்ந்து, ஒரு பயனரைக் கவனித்தால் ஒரு திரையின் குறைகளில் சராசரியாக 31 விழுக்காடு வெளிப்படுகிறது என்று கணித்தனர். அப்படியானால் ஒரு குறை ஒருவரிடம் வெளிப்படாமல் போகும் வாய்ப்பு 0.69, ஐந்து பேரிடமும் வெளிப்படாமல் போகும் வாய்ப்பு 0.69ஐ ஐந்து முறை பெருக்கினால் வருவது, அதாவது சுமார் 0.16. எனவே ஐந்து பேரில் ஏறத்தாழ 85 விழுக்காடு குறைகள் தெரிந்துவிடும் என்பது அதன் பொருள். மீதியைத் திருத்திய வடிவில் வேறு ஐந்து பேரைக் கொண்டு பார்க்கலாம் என்பதும் அந்த அறிவுரையில் சேர்ந்ததே. ஒரு நாளில் முடித்துவிட்டுக் கோப்பை மூடுவதற்காகச் சொல்லப்பட்டது அல்ல.

31 என்பது சராசரி என்பதை மறக்கக் கூடாது. பாம் பீச்சையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பதிவான வாக்குகள் சுமார் 4,60,000. ஒன்றுக்கு மேற்பட்ட துளையிட்டுச் செல்லாமல் போனவை 19,000க்குச் சற்று மேல். அதாவது நூற்றுக்கு நான்கு பேர். நூற்றுக்கு நான்கு பேர் மட்டுமே செய்யும் பிழையை, எந்த வகையினர் என்று பாராமல் தேர்ந்த ஐந்து பேரில் ஒருவராவது செய்து காட்டும் வாய்ப்பு ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஐம்பது பேரைச் சோதித்தால்தான் அது 87 விழுக்காட்டை எட்டும். ஆகவே வரைபலகை ஐயா சொன்னபடி 'சிலரை' நிறுத்திப் பார்த்திருந்தால், எல்லாம் சரியாக இருக்கிறது என்றே அறிக்கை வந்திருக்கவும் கூடும். புளோரிடாவின் முடிவை மாற்றவோ அந்த நூற்றில் நான்கே போதுமானதாக இருந்திருக்கும்.

எனவே எதற்காகச் சோதிக்கிறீர்கள் என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். குறைகளைக் கண்டுபிடித்துத் திருத்துவதற்கு ஐந்து பேர் நல்ல தொடக்கம். எத்தனை விழுக்காட்டினர் தவறு செய்கிறார்கள் என்று அளப்பதற்கு ஐந்து பேர் அறவே போதாது. உங்கள் படிவம் ஓய்வூதியம், உதவித்தொகை போன்ற ஒன்றுக்கானது என்றால், நூற்றில் ஒருவர் தவறவிடுவதும் சிறிய விஷயம் அன்று.

வரைபலகை

எண்கணக்கு அவர்களின் கணக்கு சரியானது; ஏற்றுக்கொள்கிறேன். ஆயினும் கவனிப்பவர் இறுதிப் பிழையை மட்டும் எண்ணுவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது துளையருகே கோலைக் கொண்டுபோய் நிறுத்தி, இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் மாறிமாறிப் பார்த்து, பின்பு சரியான துளையையே அழுத்தியவரும் அந்தக் குறையைக் காட்டிவிட்டார். தயங்குபவர்களின் எண்ணிக்கை தவறுபவர்களின் எண்ணிக்கையைவிடப் பெரும்பாலும் பெரியது என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்கள் பலரும் காண்பது. மேலும், ஐந்து பேரை அலுவலகத்தின் அடுத்த அறையிலிருந்து பிடித்து வராமல், படிவத்தைத் தனியே நிரப்பச் சிரமப்படக்கூடியவர்களிலிருந்தே தேர்ந்தால், அந்த நான்கு விழுக்காடு அவர்களிடையே பலமடங்காகக் கூடும்.

மணிமொழி அவர்களே, உங்களுக்கு மற்ற வடிவமைப்பாளர்களுக்கு இல்லாத ஒரு சாதகம் உண்டு. நீங்கள் எழுதிய கையேட்டில் எந்தத் திரைக்கு நீண்ட விளக்கமும் 'கவனிக்க' என்ற பெட்டியும் தேவைப்பட்டனவோ, அந்தத் திரைகளிலிருந்தே சோதனையைத் தொடங்குங்கள். திரையைத் தாளில் வரைந்து வைத்தாலும் போதும். பயனர் விரலால் தொட, அடுத்த தாளை நீங்கள் எடுத்து வையுங்கள். மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யும்படி கேளுங்கள். அவர் தடுமாறும்போது உதவ வாய் துடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பணியைச் சொல்லும்போது பொத்தானில் உள்ள சொல்லைப் பயன்படுத்தாதீர்கள். 'முகவரி மாற்றம் என்ற பகுதிக்குச் செல்லுங்கள்' என்றால் அவர் அந்தச் சொல்லைத் திரையில் தேடிக் கண்டுபிடித்துவிடுவார். நீங்கள் சோதித்தது அவர் கண்பார்வையை மட்டுமே. 'நீங்கள் போன மாதம் வேறு வீட்டுக்குக் குடிபோயிருக்கிறீர்கள். இனி கடிதங்கள் புதிய வீட்டுக்கு வரும்படி செய்யுங்கள்' என்று சொல்லிவிட்டு, அவர் முதலில் எதைத் தொடுகிறார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். முடித்த பின் எந்தச் செய்தியைப் பார்த்து வேலை முடிந்தது என்று நினைத்தார் என்பதையும் கேளுங்கள்.